சந்தையில் வாங்கிய புத்தர் வெண்கலமா, ரெசினா? ஷோகேஸ் பொம்மையின் 'ஊரும் பேரும்' கண்டுபிடிப்பது எப்படி?

பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமை காலையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பூச்செடி, மீன் தொட்டி, பழைய மிக்சி, ஓடாத சுவர்க் கடிகாரம், ஒரு கால் ஆடும் நாற்காலி... இவற்றுக்கு நடுவே தார்ப்பாய் விரிப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பொம்மைகள். தொப்பையைக் காட்டிச் சிரிக்கும் புத்தர், குடை பிடித்த ஜப்பான் பெண், தூண்டில் போடும் சீனத் தாத்தா, கறுத்துப்போன நடராஜர், தும்பிக்கை தூக்கிய வெள்ளை யானை. விலை கேட்டால், விற்பவர் பொம்மையைப் பார்ப்பதில்லை. கேட்பவரைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்.

"பழசுண்ணே, வெள்ளைக்காரன் பங்களாவுல இருந்து வந்தது." "ஐவரி மேடம், ஒரிஜினல்." "வெயிட்டைத் தூக்கிப் பாருங்க சார், சுத்த வெண்கலம்." இந்த மூன்று வசனங்களும் இங்கே மட்டும் கேட்பவை அல்ல. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை கிஃப்ட் கடையிலும், மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள கைவினைக் கடையிலும், இன்ஸ்டாகிராமில் 'வின்டேஜ்' என்று போட்டு விற்கும் பக்கங்களிலும் இதே டயலாக்தான், மொழி மட்டும் கொஞ்சம் மாறும்.

புதிதாக ஃபிளாட் வாங்கி, ஷோகேஸுக்கு நாலு பொம்மை தேடுகிற யாருக்கும் இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. சொன்னது பொய் என்றால் பணம் போகும். சொன்னது உண்மை என்றால் வழக்கு வரலாம். இரண்டாவது சிக்கலைப் பற்றிப் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை. அதற்குக் கடைசியில் வருவோம்.

காந்தம் ஒட்டவில்லை... அதனால் என்ன?

கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து சிலையில் வைப்பார். ஒட்டாது. "பாத்தீங்களா, பித்தளை!" என்பார். காந்தம் ஒட்டாததால் உறுதியாவது, அது இரும்பு இல்லை என்பது மட்டுமே. அலுமினியத்திலும் ஒட்டாது, துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது. ரெசினில் ஒட்டவே ஒட்டாது. மேலே பித்தளை முலாம் பூசிய துத்தநாகச் சிலைக்கும் இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு கிடைத்துவிடும்.

எடையும் அப்படித்தான். கையில் கனமாக இருப்பதால் மட்டும் அது உலோகம் ஆகிவிடாது. சில பொம்மைகளின் வயிற்றுக்குள் பிளாஸ்டர் அடைத்து, அடியில் வெல்வெட் துணி ஒட்டிவிடுவார்கள். அடிப்பாகத்தை மூடி மறைத்திருக்கும் எந்தப் பொம்மையையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. ஒரு பொம்மையில் உண்மை பேசும் இடமே அந்த அடிப்பாகம்தான். முகத்துக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அடியில் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை. ஒரு கீறல், ஒரு உதிர்ந்த மூலை அங்கே கிடைக்கும். கீறலுக்குள் மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சிவந்து தெரிந்தால் செம்பு, வெள்ளி மாதிரி வெளுத்துத் தெரிந்தால் துத்தநாகமோ அலுமினியமோ. மாவு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தால் அநேகமாக ரெசின் அல்லது பிளாஸ்டர்.

சமையலறைத் தராசு போதும்

வீட்டிலேயே செய்யக்கூடிய உருப்படியான சோதனை ஒன்று இருக்கிறது. ஆர்க்கிமிடீஸ் காலத்து யோசனைதான். டயட் இருக்கிறவர்கள் சாப்பாட்டை எடை போட வாங்கும் டிஜிட்டல் தராசு இருந்தால் போதும்.

முதலில் பொம்மையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, பொம்மை முழுசாக மூழ்கும் அளவுக்குப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணை பூஜ்ஜியமாக்குங்கள். பொம்மையை நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழுக்க மூழ்க வேண்டும். ஆனால் அடியிலோ பக்கத்திலோ பாத்திரத்தைத் தொடக்கூடாது. நூலைக் கையில் பிடித்தபடியே தராசைப் பாருங்கள். அதில் காட்டும் கிராம்தான் பொம்மையின் கன அளவு, மில்லிலிட்டரில். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

850 கிராம் எடையுள்ள சிலை தண்ணீரில் 100 காட்டினால், அடர்த்தி 8.5. அது பித்தளை அல்லது வெண்கலம். அதே 850 கிராம் சிலை 128 காட்டினால் 6.6 வரும், துத்தநாகக் கலவை. 315 காட்டினால் 2.7, அலுமினியம், பளிங்கு, கருங்கல் மூன்றுமே இந்த எண்ணின் பக்கத்தில்தான் வரும், ஆனால் மூன்றையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். 2-க்குக் கீழே வந்தால் கல்லும் இல்லை, உலோகமும் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். கடையில் 'மார்பிள் புத்தர்' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்த ரகம். பாலியெஸ்டர் ரெசினில் பளிங்குத் தூளைக் கலந்து ரப்பர் அச்சில் ஊற்றியது. 'மார்பிள் டஸ்ட்' என்று சொல்லி விற்றால் அது நேர்மையான விற்பனை. 'டஸ்ட்' என்ற சொல்லை மட்டும் முழுங்கிவிட்டால்தான் பிரச்சினை.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. உள்ளே காற்று அடைபட்ட வெற்று வார்ப்புச் சிலை என்றால் எண் குறைத்துக் காட்டும். பித்தளையையும் வெண்கலத்தையும் இது பிரித்துக் காட்டாது; செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம், இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைப் பிரிக்க எக்ஸ்-கதிர்ச் சோதனை வேண்டும். நகையின் தரம் பார்க்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியின் தத்துவம்தான். அதுவும் மேல்பரப்பைத்தான் படிக்கும், முலாம் பூசியிருந்தால் ஏமாந்துவிடும். முக்கியமாக, கொலுவுக்கு வைத்திருக்கும் மண் பொம்மை, காகிதக்கூழ் பொம்மைகளைத் தண்ணீருக்குள் விட்டுவிடாதீர்கள். அப்புறம் பாட்டிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

யூடியூபில் பலரும் காட்டும் 'ஹாட் நீடில்' சோதனை, அதாவது ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்ப்பது, வேண்டவே வேண்டாம். நல்ல பொருளும் பாழாகும், ரெசின் புகையும் உடம்புக்கு நல்லதில்லை. பழைய செல்லுலாய்டு பொம்மையாக இருந்தால் குப்பென்று தீப்பிடித்துவிடும்.

கல் பொம்மைகளில் குழப்பம் குறைவு. நகத்தால் கீறினாலே கோடு விழுந்தால் மாக்கல். பளிங்கின் அடியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். கருங்கல்லில் ஒன்றும் நடக்காது. ரெசின் பொம்மை உடைந்த இடத்திலும் பளிங்குத் தூள் இருப்பதால் லேசாக நுரைக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சுவாமிமலையா, மொராதாபாத்தா, நேபாளமா?

உலோகம் என்று உறுதியானால் அடுத்த கேள்வி, எங்கே, எப்படி வார்த்தது என்பது.

கும்பகோணம் பக்கத்துச் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் மெழுகு வார்ப்பு முறையில்தான் செய்கிறார்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலை. பிறகு உளியால் நகை, மடிப்பு, விரல் நகம் வரை செதுக்குவார்கள். இந்த உளி வேலையைத்தான் தேட வேண்டும். கோடுகள் கூர்மையாக, ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசத்தோடு இருக்கும். சிலை பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் இல்லாமல் கனமாக இருக்கும்.

உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத், 'பித்தளை நகரம்' என்றே பெயர் வாங்கிய ஊர். அங்கே மணல் அச்சு வார்ப்பு அதிகம். இரண்டு பாதி அச்சுகள் சேரும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அரத்தால் தேய்த்திருந்தாலும் கையிடுக்கில், காதுக்குப் பின்னால் மிச்சம் இருக்கும். ஒரே மாதிரி பத்துச் சிலைகள் கடையில் வரிசையாக நின்றால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை. அதில் தப்பும் ஒன்றுமில்லை. மொராதாபாத் விலையில் வாங்கினால் அது நல்ல பொருள். சுவாமிமலை விலை கொடுத்தால்தான் நஷ்டம்.

நேபாளத்தின் பாட்டன் நகரத்து நேவார் கலைஞர்களின் புத்தர்கள் வேறு ரகம். உள்ளே வெற்றிடமாக வார்த்து, பூஜை செய்த பொருட்களை உள்ளே வைத்து, அடியில் செம்புத் தகடு போட்டு மூடுவார்கள். தகட்டில் குறுக்காக அமைந்த இரட்டை வஜ்ராயுதம் பொறித்திருக்கும். தங்க முலாம், நீலப் பச்சைக் கல், பவளம் என்று அலங்காரமும் தூக்கலாக இருக்கும்.

பச்சை நிறக் களிம்பைப் பார்த்து வயதைக் கணக்குப் போட வேண்டாம். ரசாயனம் தடவினால் சில நாட்களில் களிம்பு வந்துவிடும். 'ஆன்டிக் ஃபினிஷ்' என்று வெளிப்படையாகவே விற்கிறார்கள்.

ஐவரி என்று சொன்னால்...

யானைத் தந்தத்தின் அடர்த்தி ஏறக்குறைய 1.8. தூள் கலந்த ரெசினும் அதே பக்கம்தான். ஆக, தராசு இங்கே கைவிட்டுவிடும். பார்க்க வேண்டியது குறுக்குவெட்டு முகம். பொம்மையின் அடிப்பாகம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஃபோன் கேமராவை மேக்ரோவில் வைத்துப் பாருங்கள். தந்தத்தில் இரண்டு திசைகளில் வளைந்து வந்து ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வரிகள் தெரியும். ஷ்ரேகர் வரிகள் என்று பெயர். இன்றைய யானையின் தந்தத்தில் இவை விரிகோணத்தில் வெட்டும். அழிந்துபோன மாமதத்தின் தந்தத்தில் குறுங்கோணத்தில். எலும்பு என்றால் வரிக்குப் பதிலாகப் பொடிப் பொடியான கருப்புப் புள்ளிகள் இருக்கும், ரத்தக் குழாய்கள் ஓடிய தடம். தந்தம் மாதிரி செய்த செல்லுலாய்டில் ரூல்டு நோட்டு மாதிரி நேர்கோடுகள் இருக்கும். இயற்கை அவ்வளவு ஒழுங்காகக் கோடு போடாது. எதுவுமே இல்லாமல் மொழுமொழுவென்று, ஓரிரு காற்றுக் குமிழிகளோடு இருந்தால் ரெசின். நிம்மதியாகலாம்.

நிம்மதி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986, 1991 திருத்தங்களுக்குப் பிறகு, இந்திய யானையோ ஆப்பிரிக்க யானையோ, தந்தப் பொருட்களை வாங்குவதும் விற்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தாத்தா காலத்துப் பொருளுக்கு முறையான உடைமைச் சான்றிதழ் இருந்தால்கூட வாரிசுக்குப் போகலாமே தவிர, விற்க முடியாது. "ஐவரி மேடம், ஒரிஜினல்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் பெருமையாகச் சொல்வது உண்மையானால், அது ஒரு குற்ற ஒப்புதல்.

முகத்தை வைத்து ஊரைச் சொல்ல முடியுமா?

சிரிக்கும் புத்தர், கௌதம புத்தர் இல்லை. அவர் புதாய் என்ற சீனத் துறவி, 10-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஜியாங் பகுதியில் வாழ்ந்ததாக மரபு. அடுத்து வரப்போகும் மைத்ரேய புத்தரின் அவதாரம் என்று நம்புகிறார்கள். ஜப்பானுக்குப் போனதும் ஹோதேய் என்ற பெயரில் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருவர் ஆகிவிட்டார். கை ஆட்டும் பூனையை எல்லோரும் 'சைனா பூனை' என்கிறார்கள். அது ஜப்பானின் மானேகி நேகோ. ஆனால் தாம்பரத்தில் நீங்கள் வாங்கும் பூனை சீன ஃபேக்டரியில் செய்ததாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. பாணி ஒரு ஊர், பிறப்பு இன்னொரு ஊர்.

இது இன்றைய கதையும் இல்லை. சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் கட்டிய சிவன் கோயில் ஒன்று இருந்தது. 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. அந்த ஊரில் கிடைத்த சிற்பங்களில் நரசிம்மரும் உண்டு, லிங்கத்தை வணங்கும் யானையும் உண்டு. பாணி நம்மூர், கல்லும் கையும் சீனம். இந்தப் பக்கம் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் ராஜராஜ சோழன் காலத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்தது. 1856 முதல் அந்த ஊரில் சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வந்தன. அந்தப் புத்தர்களின் தலையில் தீச்சுடர் இருக்கும். இலங்கைப் புத்தர் தலையிலும் சுடர் உண்டு, தாய்லாந்துப் புத்தர் தலையிலும் உண்டு. வெறும் சுடரைப் பார்த்து "தாய்லாந்து பீஸ்" என்பவர், நாகப்பட்டினத்தையும் சேர்த்துத்தான் மறந்துவிடுகிறார்.

பீங்கான் பொம்மை என்றால் அடியில் எழுத்து இருக்கிறதா பாருங்கள். 1890-ல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி வரிச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போடச் சொன்னது. அதனால் ஜப்பான் பொருட்களில் 1921 வரை 'நிப்பான்' என்றும், பிறகு 'ஜப்பான்' என்றும் வரும். 'ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால் போருக்குப் பிந்தைய அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலம், 1952-க்கு முன். இவை அமெரிக்கச் சந்தைக்குப் போன பொருட்களுக்கான கணக்கு. நம்மூருக்கு வந்தவற்றில் எழுத்தே இல்லாமலும் இருக்கலாம். சீன அரசர் காலத்து ஆறெழுத்து முத்திரையைப் பார்த்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். மிங் அரசர் செங்குவா பெயரைக் குயிங் காலத்துப் பாத்திரங்களில் மரியாதைக்காகவே போட்டார்கள். இன்றும் போடுகிறார்கள், மரியாதைக்காக அல்ல.

நிஜமாகவே பழசாக இருந்துவிட்டால்?

நிபுணர்கள் எப்படி ஊர் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்குப் பத்தூர் நடராஜரை விட நல்ல உதாரணம் இல்லை. திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976-ல் மண்ணில் கிடைத்து, கைமாறி லண்டன் போன சிலை அது. வழக்கில், அதே ஊரில் பின்னர் கிடைத்த மற்றச் சிலைகளோடு இதை ஒப்பிட்டார்கள். பாணியை மட்டும் பார்க்கவில்லை. உலோகக் கலவை, சிலையில் ஒட்டியிருந்த மண், கறையான் அரித்த தடம் வரை பார்த்தார்கள். தொல்லியலாளர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். 1991-ல் நடராஜர் திரும்பி வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் ஈய ஐசோடோப்புகளை ஆராய்ந்து காலம் பிரித்தவர் சாரதா ஸ்ரீனிவாசன். ஸ்ரீபுரந்தான் நடராஜர் விஷயத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம் கைகொடுத்தது. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய சிலை, 2014-ல் இந்தியா திரும்பியது. ஆக, இவ்வளவு வேலை இருக்கும் இடத்தில், தார்ப்பாய் விரிப்பில் "சோழர் காலம்ணே" என்று ஒருவர் இரண்டு நொடியில் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

1972-ம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1976-ல் நடைமுறைக்கு வந்தது. 100 ஆண்டுகள் கடந்த சிற்பம் தொல்பொருள். அதை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். விற்பவருக்கு உரிமம் வேண்டும். தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சிலை கிடைத்தால், 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்ல வேண்டும்.

இதில் தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்து ஐ.டி. குடும்பங்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல், மீனம்பாக்கம் விமான நிலையத்தில்தான். ஆன்சைட் போகும்போது பூஜை அறைக்கென்று ஒரு பித்தளைப் பிள்ளையாரைப் பெட்டிக்குள் வைப்பார்கள். கறுத்த சிலை என்றால் சுங்கத்துறை நிறுத்தலாம். பழைய தோற்றமுள்ள சிலைகளுக்கு 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. கடை பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பில்லில் 'ஆன்டிக் நடராஜர்' என்று எழுதித் தந்தால் பெருமைப்படாமல், 'பித்தளைச் சிலை, புதியது' என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

கண்ணைப் பழக்க வேண்டும் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடம் இருக்கிறது. நாகப்பட்டினத்துப் புத்தர்கள் பலர் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறார்கள். தாம்பரத்தில் கடற்கரை லோக்கல் ஏறினால் நேராக எழும்பூர். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு அங்கே விடுமுறை.